துணையோடு தனித்து வாழ்தல்

தான் வசிக்கும் இல்லத்தையும் உடன் வசிப்போரையும் தானே தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் மாற்றுத்திறனாளிக்கும் உண்டென்று ஐ.நா. மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு விதிப்பதையும், மியான்மர் அதில் 2011இல் இணைந்து 2015இல் தனிச் சட்டமே இயற்றியதையும் எண்ணும்போது, விடுதியில் சேர்த்து அன்னவஸ்திரம் அளித்தால் தர்மம் நிறைவேறியது என்னும் நம் எண்ணம் எவ்வளவு குறுகியது என்பது விளங்கும்.

தமிழர் தலைமுறைகளாக வாழும் தன்லியின் நகரில், வாசற்படிக்கு ஒரு சாய்தளமும், காலையில் குளிக்கவும் உடுக்கவும் துணைசெய்ய ஊதியம் பெறும் உதவியாளர் ஒருவரும் வாய்த்தால், சக்கர நாற்காலியில் இருக்கும் இளைஞர் பாலம் கடந்து யாங்கோனுக்கு வேலைக்குப் போகலாம். ‘எனக்குப் பின் இவனுக்கு யார்?’ என்று கலங்கும் தாய்க்கு, அவள் இருக்கும்போதே பழக்கப்படும் இந்த உதவியாளர் துணைதான் தக்க மறுமொழி. ஆதலின் கோயில் அன்னதான நிதியில் ஒரு பகுதியேனும் இதற்கு ஒதுக்கப்படுவதே நியாயம்.