8192 அழுத்தமும் என் எட்டணா கருத்தும்

மக்களே, முதல்லயே சொல்லிடறேன். இந்தப் பதிவுல வர்ற டேப்லெட் காய்ச்சலுக்குப் போடற மாத்திரை இல்லை. கம்ப்யூட்டர்ல படம் வரையறதுக்கு ஒரு பேனாவோட விக்கிறாங்களே, அந்தக் கருப்புப் பலகை. (மொக்கையை ஆரம்பத்துலயே முடிச்சாச்சு. இனிமே சீரியஸ்தான்.)

என் கட்சி இதுதான். புதுசா டிஜிட்டல்ல வரைய வர்றவங்களுக்கு ஸ்கிரீன் இல்லாத, மூவாயிரம் நாலாயிரம் ரூபாய் டேப்லெட் போதும். "இப்போதைக்கு இதை வெச்சு ஓட்டு, அப்புறம் நல்லதா வாங்கிக்கலாம்"ங்கிற அர்த்தத்துல சொல்லலை. நிஜமாவே போதும்னு சொல்றேன். பெட்டி மேல கொட்டை எழுத்துல போட்டிருக்கிற நம்பருக்காக எக்ஸ்ட்ராவா குடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் தண்டம்.

இதுக்கு ஏன் இவ்ளோ ஆவேசம்னு கேப்பீங்க. போன வருஷம் திண்டுக்கல்ல இருந்து சித்தி போன் பண்ணாங்க. "ஏப்பா, நீ கம்ப்யூட்டர்லதான வேலை பாக்குற, இந்தப் பய சொல்றது நெசமா? நாப்பத்தஞ்சாயிரம் ஆவுமாம்ல?" பையன் விஸ்காம் முதல் வருஷம். கடையில ஸ்கிரீன் வெச்ச டேப்லெட் ஒண்ணைக் காட்டி, "ஸ்கிரீன் இல்லாததுல கை பழகாது, 8192 லெவலுக்குக் கம்மியா வாங்கினா படிப்புக்கே ஆகாது"ன்னு சொல்லி மாசத் தவணைக் கணக்கும் எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்க. சித்தப்பா லோடு ஆட்டோ ஓட்டறவர். சித்தி சீட்டைத் தள்ளி எடுத்துக் குடுத்துடலாமான்னு யோசிச்சுட்டு இருந்தாங்க. பையன் நோட்டுக்குப் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவுல வரையறதைப் பாத்திருக்கேன், நல்ல கை. அந்தக் கைக்கு 45 ஆயிரம் கட்டினாத்தான் வழி திறக்கும்னு ஒருத்தர் சொல்லி அனுப்பினது எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு.

சரி, அந்த நம்பருக்கு வருவோம்.

பேனாவை நீங்க எவ்வளவு அழுத்துறீங்கன்னு டேப்லெட் எத்தனை படியா பிரிச்சுப் பாக்குதுங்கறதுதான் பிரஷர் லெவல். 2048, 4096, 8192, இப்ப 16384 வரைக்கும் வந்தாச்சு. நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்குப் பாத்ததுமே புரிஞ்சிடும், எல்லாமே ரெண்டோட அடுக்கு. 11 பிட், 12, 13, 14. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு பிட்டைக் கூட்டிட்டு "ரெண்டு மடங்கு!"ன்னு போஸ்டர் அடிக்கிறாங்க, அவ்வளவுதான்.

இப்ப அந்த 8192 படியும் எங்க போய்ச் சேருதுன்னு பாருங்க. சாதாரணமா நாம வரையற படம் 8 பிட் படம். ஒரு நிறத்துக்கு 256 அளவுதான் அதுல இருக்கு. அழுத்தத்தை வெச்சு நிறத்தோட அடர்த்தியை மாத்தறீங்கன்னா, கடைசியில ஸ்கிரீன்ல விழறது அந்த 256-க்குள்ளதான். கோட்டோட தடிமனை மாத்தறீங்கன்னா, 30 பிக்சல் பிரஷ் ஒண்ணு 1-ல இருந்து 30 வரைக்கும்தான் போகும். நடுவுல அரை பிக்சல், கால் பிக்சல்னு நறுக்கினாலும் சில நூறு படியைத் தாண்டாது. 2048-ஏ இதுக்குத் தாராளம். ஜப்பான்காரன் வாகாம் கம்பெனியோட ஆரம்ப நிலை மாடல், ஒன் பை வாகாம்னு ஒண்ணு உண்டு, அதுல 2048தான். அதைவிட விலை கம்மியான சீன மாடல்கள்ல 8192 இருக்கு. நம்பரும் விலையும் எப்பவோ பிரிஞ்சு தனித்தனியா குடித்தனம் போயாச்சு.

அடுத்த நம்பர், ஒரு அங்குலத்துக்கு 5080 கோடு. ஆறு அங்குல அகல டேப்லெட்டுன்னா மொத்தம் 30480. உங்க ஸ்கிரீன்ல அகலவாக்குல இருக்கிறது 1920 பிக்சல். மிச்சத்தை வெச்சு ஊறுகாய்தான் போடணும்.

அப்ப எதைத்தான்யா பாக்கறதுன்னா, பெட்டி மேல போடாத ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, எவ்வளவு லேசா தொட்டா கோடு விழ ஆரம்பிக்குதுங்கறது. சில பேனா அழுத்திப் பிடிச்சாத்தான் எழுதும், பழைய லெட்ஜர் கணக்குப்பிள்ளை மாதிரி. அதுல முடி, புல், நிழல்கோடு எதுவும் ஒழுங்கா வராது. இன்னொண்ணு, ஸ்கேல் வெச்சு மெதுவா ஒரு சாய்வுக் கோடு போட்டுப் பாக்கணும். வேகமாப் போட்டா எந்த டேப்லெட்டும் நேராப் போடும். மெதுவாப் போட்டா மட்டமான டேப்லெட்டுல கோடு பாம்பு மாதிரி நெளியும். இந்த ரெண்டையும் கடையில கேட்டா சொல்லமாட்டாங்க. தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது இருந்தா வாங்கி அஞ்சு நிமிஷம் கிறுக்கிப் பாருங்க.

மூணாவதா ஒரு நம்பர் இருக்கு, அது நாமளே போடவேண்டிய கணக்கு. உங்க ஸ்கிரீனோட அகலத்தை டேப்லெட்டோட அகலத்தால வகுங்க. 14 இன்ச் லேப்டாப்புன்னா ஸ்கிரீன் அகலம் சுமார் 12 அங்குலம். டேப்லெட் 6 அங்குலம்னா விடை 2. அதாவது கை ஒரு அங்குலம் நகர்ந்தா கோடு ரெண்டு அங்குலம் ஓடும். இது நல்ல கணக்கு. அதே குட்டி டேப்லெட்டை 24 இன்ச் மானிட்டர்ல மாட்டினா மூணரை. உங்க கை நடுக்கமும் மூணரை மடங்காத்தான் தெரியும். அப்புறம் "எனக்கு வரையவே வரலை"ன்னு கவலைப்பட்டு பலகையைப் பரண்ல போட்டுடுவீங்க. பெரிய மானிட்டர் வெச்சிருக்கறவங்க கூட ரெண்டாயிரம் போட்டு 10 அங்குல டேப்லெட் வாங்குங்க. கையில காசு மிச்சம் இருந்தா அளவுக்குக் குடுங்க, லெவலுக்குக் குடுக்காதீங்க.

"ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டு, கை வேற எங்கயோ வரைஞ்சா எப்படிங்க பழகும்?" எல்லாரும் கேக்கற கேள்வி இது. மவுஸை யாராச்சும் பாத்துக்கிட்டா நகர்த்துறோம்? தமிழ்99 கத்துக்கிட்ட முதல் வாரத்தை நினைச்சுப் பாருங்க, ஒரு வரி அடிக்க ஒரு மாமாங்கம் ஆச்சு. இப்ப விரலை யார் பாக்கறா? அமெரிக்காவுல ராண்ட் நிறுவனம் 1964-ல செஞ்ச டேப்லெட்டும் இப்படித்தான். பத்துக்குப் பத்து அங்குலப் பலகை, அடியில கம்பி வலை. வரையறது மேஜையில, பாக்கறது எதிர்ல இருக்கிற திரையில. அறுபது வருஷமா மனுஷன் பழகின விஷயம் இது. அதோட, தலையைக் குனிஞ்சு ஸ்கிரீன் மேல கவுந்துக்கிட்டு வரையறதை விட, நேரா உக்காந்து எதிர்ல பாத்து வரையறது கழுத்துக்கு எவ்வளவோ தேவலை. ஏற்கனவே பத்து மணி நேரம் ஆணி புடுங்கி நம்ம கழுத்து இருக்கிற லட்சணம் உங்களுக்கே தெரியும்.

நிற்க. சித்தி பையனுக்கு இதையெல்லாம் சொன்னா கேப்பானா? "அண்ணே, கிளாஸ்ல மூணு பேர் ஸ்கிரீன் டேப்லெட் வெச்சிருக்கான்"னான். மிச்சம் எத்தனை பேருடான்னு கேட்டேன். பதில் இல்லை, ரெண்டு நாள் என்கிட்ட பேசவும் இல்லை. அவங்க வீட்டுல இருந்த பழைய லேப்டாப்புக்கு ஏத்தமாதிரி 6 அங்குல டேப்லெட் ஒண்ணு, நாலாயிரத்துக்குள்ள வாங்கி அனுப்பினேன்.

மூணாம் நாள் போன் வந்துச்சு. "அண்ணே, வட்டம் போட்டா முட்டை வருது!"

இது எல்லாருக்கும் வர்ற பிரச்சினை, எந்தக் கடையிலயும் சொல்லித் தரமாட்டாங்க. அவனோட பலகை 152-க்கு 95 மில்லிமீட்டர், அதாவது 16:10. லேப்டாப் ஸ்கிரீன் 16:9. முழுப் பலகையையும் முழு ஸ்கிரீனுக்குப் பொருத்தினா படம் அகலவாக்குல 11 சதவீதம் இழுத்துக்கும். டிரைவர் செட்டிங்ஸ்ல விகிதத்தைப் பூட்டி வைக்க ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டுட்டா பலகையில அடியில ஒரு சென்டிமீட்டர் வீணாகும், வட்டம் வட்டமா வரும். இந்த ஒரு டிக் தெரியாம "என் கைதான் சரியில்லை"ன்னு விட்டவங்க எத்தனை பேரோ.

டிரைவர்னு சொன்னதும் ஞாபகம் வருது. வேற கம்பெனி டேப்லெட்டோட டிரைவர் ஏற்கனவே இருந்தா, முதல்ல அதை முழுசா தூக்கிட்டு அப்புறம் புதுசைப் போடுங்க. ரெண்டும் ஒரே வீட்டுல இருந்தா மாமியார் மருமகள் கதைதான், அழுத்தம் வேலையே செய்யாது. விண்டோஸ்ல பேனாவை வெச்சு ஒரு நொடி நின்னா ஒரு வளையம் சுத்தி ரைட் கிளிக் ஆகும், அதையும் அணைச்சுடுங்க. லினக்ஸ் ஆளுங்களுக்கு வாகாம் பெரும்பாலும் சொருகினதும் ஓடிடும், மத்த கம்பெனிக்கு ஓப்பன் டேப்லெட் டிரைவர்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. போன்ல மாட்டி வரையப் போறவங்க மட்டும் உஷாரா இருங்க. போனை நிமிர்த்தி வெச்சா பல மாடல்கள்ல பலகையில ஒரு சின்னப் பட்டைதான் வேலை செய்யும்.

வரையறதுக்கு கிரிட்டா போதும். இலவசம், அதுவும் திருட்டு இலவசம் இல்லை, திறந்த மூலம். டேவிட் ரெவோய்னு ஒரு பிரெஞ்சு ஓவியர் 2014-ல இருந்து பெப்பர் அண்ட் கேரட்னு ஒரு காமிக்ஸை லினக்ஸ்ல, கிரிட்டாவுல வரைஞ்சு, யார் வேணா எடுத்துக்கலாம்னு கிரியேட்டிவ் காமன்ஸ்ல விட்டுட்டு இருக்கார். அந்தப் பக்கங்களைப் பாத்தீங்கன்னா மென்பொருளைக் குறை சொல்ல வாய் வராது. கிரிட்டா செட்டிங்ஸ்ல அழுத்தத்துக்கு ஒரு வளைகோடு இருக்கு, அதை உங்க கைக்கு ஏத்தமாதிரி வளைச்சுக்கோங்க. எட்டாயிரத்துக்கும் பதினாறாயிரத்துக்கும் நடுவுல இல்லாத வித்தியாசம் இந்த ஒரு கோட்டுல இருக்கு.

கை பழக பையனுக்கு நான் குடுத்த பயிற்சி ஒண்ணே ஒண்ணுதான். தமிழ் எழுத்து. ழ, ண, ஞ, ஐ, இ. ஸ்கிரீன் முழுக்கப் பெருசா, மணிக்கட்டை ஆட்டாம, முழங்கையில இருந்து. இங்கிலீஷ்காரன் பாடத்துல நூறு வட்டம் போடு, நூறு கோடு போடுன்னு சொல்லுவான். நமக்கு எதுக்குங்க அது? ஒரு 'ஞ' எழுதினாலே வளைவு, சுழி, நேர்கோடு எல்லாம் வந்துடுது. தப்பா வந்தா நம்ம கண்ணுக்கு உடனே உறுத்தும், ஏன்னா அஞ்சு வயசுல இருந்து பாத்த வடிவம். முதல் வாரம் அவன் 'இ' கீழ விழுந்த சைக்கிள் மாதிரி இருந்துச்சு. நாலாவது வாரம் என் பேரை கோயில் கோபுர போர்டு மாதிரி எழுதி அனுப்பினான். (கீழ "45000 மிச்சம்"னு வேற எழுதியிருந்தான், கொழுப்பைப் பாருங்க.)

ஸ்கிரீன் டேப்லெட்டே யாருக்கும் வேண்டாம்னு நான் சொல்லலை. அனிமேஷன் ஸ்டூடியோவுல நாள் முழுக்க மை கோடு போடற ஆள், பேப்பர்ல இருபது வருஷம் வரைஞ்சு பழகினவங்க, இவங்களுக்கு அது நேரத்தை மிச்சம் பண்ணும். அந்த நேரத்துக்கு சம்பளம் வருது, வாங்கட்டும். நம்ம பையனும் வேலைக்குப் போய் வாங்கிக்கட்டும். முதல் வருஷத்துக்காரனுக்கு, ராத்திரி பத்து மணிக்கு மேல கிறுக்கற நமக்கு, எதுக்கு? இன்ஜினியரிங் முதல் வருஷம் எல்லாரும் மினி டிராஃப்டரையும் சார்ட் டியூப்பையும் தூக்கிக்கிட்டு பஸ்ல தொங்கினோமே, அதுல எத்தனை பேர் அப்புறம் ஒரு கோடு போட்டோம்? கருவி கட்டாயமா கைக்கு வந்தா அப்படித்தான் ஆகும்.

டிஸ்கி: விரலுக்குப் போடற ரெண்டு விரல் கையுறைன்னு ஒண்ணை 300, 400-க்கு விக்கிறாங்க. ஸ்கிரீன் இல்லாத டேப்லெட்டுக்கு அது வியர்வைக்கு மட்டும்தான். மே மாசத்துல கை பலகையில பசை மாதிரி ஒட்டும், உண்மைதான். பழைய காட்டன் சாக்ஸோட மேல்பாகத்தை வெட்டி கையில மாட்டிக்கோங்க, இல்லைன்னா பலகை மேல ஒரு ஏ4 பேப்பரை ஒட்டிக்கோங்க. பேப்பருக்கு அடியிலயும் பேனாவை அது கண்டுபிடிச்சுடும், பென்சில்ல எழுதற மாதிரி சொரசொரப்பும் கிடைக்கும். முனை மட்டும் சீக்கிரம் தேயும். பெட்டிக்குள்ளயே மாத்து முனை நாலஞ்சு வெச்சிருப்பாங்க, பெட்டியைத் தூக்கிப் போட்டுடாதீங்க :-)