கண்ணைக் குடிக்கும் விஷம்!

வாலிப வயதில் பார்வை போவது ஏன்?

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். இந்தப் பழமொழி எந்த நோய்க்குப் பொருந்துகிறதோ இல்லையோ, கண் நரம்பு நோய்க்கு அப்படியே பொருந்தும்.

வயதானவருக்குப் பார்வை மங்கினால் புரை என்று டாக்டர் சொல்வார். ஆபரேஷன் நடக்கும். சில நாட்களில் பார்வை திரும்பிவிடும். ஆனால், இருபது வயதிலும் முப்பது வயதிலும் பார்வையைப் பறிகொடுப்பவர்களும் இருக்கிறார்கள். உழைக்கும் வயது. பிள்ளை குட்டிகளைக் காப்பாற்ற வேண்டிய வயது. அவர்களில் பலருக்கு வெளியிலிருந்து பார்த்தால் கண் நன்றாகவே இருக்கும். கெட்டுப் போனது கண்ணுக்குப் பின்னால் உள்ள நரம்பு!

விளக்கும் கம்பியும்

வீட்டில் விளக்கு எரிய வேண்டுமானால் பல்பு மட்டும் போதாது. மின்சாரம் கொண்டு வரும் கம்பியும் நன்றாக இருக்க வேண்டும். கண்ணும் அப்படித்தான்.

கண் படம் பிடிக்கிறது. அந்தப் படத்தை மூளைக்குக் கொண்டு போவது கண் நரம்பு. மெல்லிய கயிறு போன்ற இந்த நரம்புக்குள் பத்து லட்சத்துக்கும் அதிகமான இழைகள் இருக்கின்றன. மூளை படத்தை வாங்கிக் கொண்ட பிறகுதான், "இது அம்மாவின் முகம், இது பஸ்ஸின் நம்பர்" என்று மனிதனுக்குத் தெரிகிறது.

கையில் காயம் பட்டால் தோல் மறுபடியும் வளர்ந்து மூடிக்கொள்ளும். எலும்பு முறிந்தால் கூடிவிடும். கண் நரம்பின் இழை செத்தால் செத்ததுதான். அது மறுபடி முளைப்பதில்லை. கண் தானத்தில் கிடைப்பது கண்ணின் முன்புறத்தில் உள்ள கருவிழிப் படலம். அதை வைத்து நரம்பைச் சரிசெய்ய முடியாது. உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் இன்றுவரை கண் நரம்பை மாற்றி வைக்கும் ஆபரேஷன் இல்லை.

ஆகவே, வருமுன் காப்பது ஒன்றே வழி. அதற்கு, எவையெல்லாம் நரம்பைக் கெடுக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

பண்ருட்டி தந்த பாடம்

கடலூர் மாவட்ட மக்கள் இதை மிகப் பெரிய விலை கொடுத்துத் தெரிந்து கொண்டார்கள்.

2001-ம் ஆண்டின் கடைசியில் பண்ருட்டி வட்டாரத்தில் விஷச் சாராயம் குடித்து 50-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அதற்கு முந்திய ஆண்டு, 2000 அக்டோபரில், கேரளத்தில் கொல்லம் மாவட்டத்தில் இதே கொடுமை நடந்தது. அங்கே 31 பேர் இறந்தார்கள். ஆறு பேருக்கு உயிர் மிஞ்சியது; கண் போய்விட்டது.

அதோடு முடிந்ததா? இல்லை. 2023 மே மாதம் மரக்காணம் அருகே உள்ள எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டத்திலுமாகச் சேர்த்து 20-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் அதிகமான உயிர்கள் போயின. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மூன்றும் 1993 வரை தென்னாற்காடு என்ற ஒரே மாவட்டமாக இருந்தவை. ஒரே மண்ணில் இருபத்து மூன்று ஆண்டுகளில் மூன்று முறை எமன் வந்து போயிருக்கிறான்!

இறந்தவர்களின் எண்ணிக்கை பத்திரிகையில் பெரிய எழுத்தில் வருகிறது. பிழைத்து, கண்ணை இழந்தவர்களின் கதை சில நாட்களில் மறந்து போகிறது. ஆனால், அந்தக் குடும்பம் அதை மறக்க முடியுமா? நேற்றுவரை கூலி வேலைக்குப் போனவன் இன்று சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறான். மனைவி வேலைக்குப் போகிறாள். தகப்பனின் கையைப் பிடித்து அழைத்துப் போவதற்காகப் பிள்ளையின் படிப்பு நிற்கிறது.

உடம்புக்குள் நடப்பது என்ன?

இந்த விஷத்தின் பெயர் மெத்தனால். சாராயத்தில் இருப்பது எத்தனால். இரண்டும் தண்ணீர் போலத்தான் இருக்கும். கண்ணால் பார்த்தோ, நாக்கில் வைத்தோ பிரித்து அறிய முடியாது. மெத்தனால் தொழிற்சாலைச் சரக்கு. பெயிண்ட், வார்னிஷ், பசை, ரசாயனப் பொருள்கள் முதலியவற்றுக்குப் பயன்படுவது. அதைத் திருடி, தண்ணீர் கலந்து, சாராயம் என்று விற்கிறார்கள் பாவிகள்.

குடித்த உடனே ஒன்றும் தெரியாது. இங்கேதான் சூழ்ச்சி இருக்கிறது. மெத்தனால் ஈரலுக்குப் போகிறது. ஈரல் அதை மெல்ல மெல்ல ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. எறும்பு கடித்தால் சுரீர் என்கிறதே, அந்த எறும்பின் விஷத்தில் இருப்பதும் இதே அமிலம்தான். இந்த அமிலம் கண் நரம்புக்குச் சக்தி கிடைக்காதபடி செய்கிறது. நரம்பு பட்டினி கிடந்து சாகிறது.

இதற்கெல்லாம் பன்னிரண்டு மணி நேரம் முதல் ஒரு நாள் வரை ஆகலாம். சாதாரணச் சாராயமும் சேர்ந்திருந்தால் இன்னும் தாமதமாகலாம். ஆகவே, இரவில் குடித்தவன், "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று படுத்துவிடுகிறான். மறுநாள் வயிற்று வலி, வாந்தி, தலை சுற்றல். போதை தெளியவில்லை என்று வீட்டார் நினைக்கிறார்கள். அதற்குப் பிறகு மூச்சு வாங்குகிறது. கண் முன்னே பனி கொட்டுவது போல எல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது. அப்போது அலறுகிறார்கள்.

சுத்தமான மெத்தனால் பத்து மில்லி உள்ளே போனாலே கண் போகக்கூடும். முப்பது மில்லி உயிரையே குடிக்கக்கூடும். இரண்டு டீஸ்பூன் போதும், ஓர் ஆயுள் முழுவதும் இருட்டில் கிடப்பதற்கு!

ஆனால், இதற்கு வைத்தியம் உண்டு. மெத்தனால் அமிலமாக மாறாமல் தடுக்கும் ஃபோமெபிசோல் என்ற மருந்து இருக்கிறது. ரத்தத்தில் கலந்த விஷத்தை டயாலிசிஸ் இயந்திரத்தால் வெளியேற்றலாம். எவ்வளவு சீக்கிரம் போகிறார்களோ அவ்வளவுக்குப் பார்வை மிஞ்சும். போலீசுக்குப் பயந்தும், ஊர் வாய்க்குப் பயந்தும் வீட்டில் வைத்துக்கொண்டு மோர் கொடுப்பதும் எலுமிச்சம்பழம் பிழிவதும் வீண். ஆஸ்பத்திரியில் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரே இடத்தில் வாங்கிக் குடித்த மற்றவர்களையும், நன்றாக இருந்தாலும், கையோடு அழைத்துப் போக வேண்டும்.

கடையில் வாங்கும் சொட்டு மருந்து

குடிக்காதவர்களுக்குப் பயமில்லை என்று எண்ண வேண்டாம். வேறு எதிரிகளும் இருக்கிறார்கள்.

கண் அரிக்கிறது, சிவக்கிறது என்று மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போடுகிற பழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். போட்டவுடன் சுகம் தெரியும். அதனால் மாதக் கணக்கில் போடுவார்கள். சிலருக்கு அது கண்ணுக்குள் நீரின் அழுத்தத்தை ஏற்றிவிடும். வலி இல்லாமலே நரம்பு தேய்ந்துகொண்டு போகும். இதுதான் கண் நீர் அழுத்த நோய். இது கிழவர்களுக்கு மட்டும் வரும் நோய் அல்ல. தாய், தகப்பன், கூடப் பிறந்தவர்களில் ஒருவருக்கு இருந்தால் வாலிப வயதிலேயே பரிசோதித்துக் கொள்வது நல்லது. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால், தினமும் சொட்டு மருந்து போட்டே மிச்சப் பார்வையைக் காப்பாற்றலாம்.

புகையும் பட்டினியும்

1992, 1993-ம் ஆண்டுகளில் கியூபா நாட்டில் உணவுப் பஞ்சம் வந்தது. அப்போது ஐம்பதாயிரம் பேருக்கு நரம்பு நோய் கண்டது. அவர்களில் பெரும் பகுதியினருக்குப் பார்வை மங்கியது. சத்தில்லாத சாப்பாடும் புகையிலையும் சேர்ந்து செய்த வேலை அது என்று டாக்டர்கள் கண்டார்கள். நாடு முழுவதும் வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். நோய் அடங்கியது.

பீடி, சிகரெட், குடி, அதோடு நேரத்துக்குச் சாப்பிடாத பழக்கம். இந்தக் கூட்டணி எங்கே இருந்தாலும் ஆபத்துதான். கீரை, பருப்பு, பால், முட்டை, மீன் இவற்றுக்குச் செலவாகும் காசு கண்ணுக்குச் செய்யும் காப்பீடு.

டி.பி. நோயாளி கவனிக்க

டி.பி. நோய்க்குத் தரும் மருந்துகளில் எத்தாம்புடால் என்று ஒன்று உண்டு. அது நல்ல மருந்து. டி.பி.யிலிருந்து காப்பாற்றுவது. ஆனால், சிலருக்கு, முக்கியமாக அளவு கூடினாலோ, சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டாலோ, கண் நரம்பைத் தாக்கும். முதலில் சிவப்பும் பச்சையும் சரியாகத் தெரியாமல் போகலாம். எழுத்து மங்கலாம். உடனே டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றுவார். பெரும்பாலோருக்குப் பார்வை தேறிவிடும். தானாக மாத்திரையை நிறுத்துவதும் தவறு. சொல்லாமல் இருப்பதும் தவறு.

அடியும் வலியும்

கடலூர்-சிதம்பரம் சாலையில் மோட்டார் சைக்கிளில் பறக்கும் வாலிபர்கள் ஹெல்மெட்டைப் பெட்ரோல் டாங்கியின் மேல் வைத்துக்கொண்டு போகிறார்கள். புருவத்துக்கு மேலே படும் பலமான அடி, கண்ணில் ஒரு கீறலும் இல்லாமலே உள்ளே நரம்பை நசுக்கிவிடும். ஹெல்மெட் தலைக்கு மட்டும் அல்ல, கண்ணுக்கும் காவல்.

இருபது முதல் நாற்பது வயதுக்குள், முக்கியமாகப் பெண்களுக்கு, கண் நரம்பு வீக்கம் வருவதுண்டு. கண்ணை அசைத்தால் வலிக்கும். சில நாட்களிலேயே ஒரு கண் மங்கும். உடல் பருத்த இளம் பெண்களுக்கு ஓயாத தலைவலியுடன் பார்வை நொடி நேரம் இருண்டு இருண்டு வந்தால், மூளை நீரின் அழுத்தம் கூடி நரம்பை நெருக்குகிறது என்று பொருளாக இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் உண்டு. கண்ணாடிக் கடையில் பவர் மாற்றிக்கொண்டு காலம் கடத்தக் கூடாது.

செல்போன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். செல்போன் கண்ணைக் களைப்படையச் செய்யும். ஆனால், கண் நரம்பைச் சாகடிப்பவை மேலே சொன்னவைதான். செல்போனைத் திட்டிவிட்டு இவற்றை விட்டுவிடக் கூடாது.

எங்கே போவது?

கடலூரில் அரசுத் தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. சிதம்பரத்தில், அண்ணாமலை நகரில், ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்த பெரிய ஆஸ்பத்திரி இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியாக இயங்குகிறது. அருகில் புதுச்சேரியில் ஜிப்மரும் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. தூரம் ஒரு சாக்கு அல்ல.

பார்வை திடீரென மங்கினால், நிறம் வெளுத்துத் தெரிந்தால், பக்கவாட்டில் வருவது தெரியாமல் இடித்துக்கொண்டால், அன்றே டாக்டரிடம் போக வேண்டும். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் காலண்டர் எழுத்தைப் படித்துப் பாருங்கள். மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்தால், ஒரு கண் கெட்டதை மற்றக் கண் மறைத்து வைக்கும் மோசடி வெளிப்பட்டுவிடும்.

சர்க்காரின் கடமை

மக்கள் செய்ய வேண்டியதைச் சொன்னால் மட்டும் போதாது. கள்ளக்குறிச்சிக் கொடுமைக்குப் பிறகு, 2024 ஜூன் மாதமே, 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டது. விஷச் சாராயத்தால் சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை கொடுக்க வழி செய்யப்பட்டது. நல்ல காரியம். ஆனால், தண்டனை வருவது மரணத்துக்குப் பிறகு. மெத்தனால் பீப்பாய் தொழிற்சாலையை விட்டு வெளியேறும்போதே பிடித்திருந்தால் மரணமே இல்லை.

வந்தது எத்தனை லிட்டர், செலவானது எத்தனை லிட்டர் என்று பீப்பாய் பீப்பாயாகக் கணக்குப் பார்க்க வேண்டும். பீப்பாயின் மேல் மண்டை ஓட்டுப் படமும், "குடித்தால் கண் போகும், உயிர் போகும்" என்று தமிழில் பெரிய எழுத்தும் இருக்க வேண்டும். மாற்று மருந்து ஒவ்வொரு மாவட்ட ஆஸ்பத்திரியிலும் எந்த நேரமும் கையிருப்பில் இருக்க வேண்டும். விபத்து நடந்த பிறகு வெளியூருக்கு ஆள் அனுப்பித் தேடுகிற மருந்தாக அது இருக்கக் கூடாது. மருந்துக் கடைகள் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை விற்பதையும் தடுக்க வேண்டும்.

இறந்தவர் குடும்பத்துக்குச் சர்க்கார் பணம் கொடுக்கிறது. கண்ணிழந்து பிழைத்தவன் இன்னும் முப்பது, நாற்பது ஆண்டுகள் வாழ வேண்டும். அவனுக்கு ஒரு தொழில் கற்றுக்கொடுப்பதும், அவன் பிள்ளையின் படிப்பு நிற்காமல் பார்த்துக்கொள்வதும் சர்க்காரின் கடமை அல்லவா?

பண்ருட்டியில் நடந்தது மரக்காணத்திலும் நடந்தது. மரக்காணத்தில் நடந்தது கள்ளக்குறிச்சியிலும் நடந்தது. இனி நான்காவது ஊரின் பெயர் இந்தப் பட்டியலில் சேரக் கூடாது.