ஆர்க்கைவ் லாகை எத்தனை நாள் வைத்திருப்பது?

மளிகைக் கடையில் சிட்டாவும் பேரேடும் இருப்பது போல டேட்டாபேஸிலும் உண்டு. ஆரக்கிளில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் ரீடூ லாகில் பதிவாகும். ஆர்க்கைவ் லாக் மோடில் வைத்திருந்தால், அது நிரம்பியதும் ஒரு நகல் தனியாகச் சேமிக்கப்படும். அதுதான் ஆர்க்கைவ் லாக். பேக்கப் எடுத்த பிறகு நடந்ததையெல்லாம் மீட்க நமக்கிருக்கும் ஒரே சிட்டா இதுதான்.

பிரச்சினை என்னவென்றால், இது டிஸ்கை நிரப்பிக்கொண்டே போகும். இடம் தீர்ந்தால் ஓஆர்ஏ-00257 என்ற பிழையோடு டேட்டாபேஸே நின்றுவிடும். உடனே யாராவது "மூன்று நாளுக்கு மேல் பழையதை அழி" என்று ஒரு ஸ்கிரிப்ட் போட்டுவிடுவார்கள். மூன்று நாள் என்று யார் முடிவு செய்தது? டிஸ்க்!

இது தலைகீழ்க் கணக்கு என்பது என் கருத்து. ஞாயிறு இரவு மட்டும் முழு பேக்கப் எடுக்கிறீர்கள், வெள்ளி மாலை டிஸ்க் கெட்டுப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். திங்கள்கிழமை லாக் இல்லை. நடுவில் ஒன்று இல்லாவிட்டால் அதற்குப் பின் உள்ளவை இருந்தும் பயனில்லை. ஐந்து நாள் வேலை அம்போ!

கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்தது தெரியுமா? அங்கே போஸ்ட்கிரெஸ். இரண்டாவது சர்வர் பின்தங்கியது. அதற்குத் தேவையான லாக்குகளை முதல் சர்வர் ஏற்கெனவே அழித்திருந்தது. ஆர்க்கைவ் செய்யும் வழக்கமும் அங்கில்லை. அதனால் எல்லாவற்றையும் கையால் மறுபடி நகலெடுக்க வேண்டிவந்தது. அந்த வேலையின் நடுவில்தான் ஒரு பொறியாளர் தவறுதலாக முதல் சர்வரின் தரவையே அழித்துவிட்டார். சுமார் 6 மணி நேரத் தரவு திரும்பவில்லை. லாகைச் சேர்த்து வைத்திருந்தால் அந்த வேலையே வந்திருக்காது.

அப்படியானால் எல்லாவற்றையும் என்றென்றும் வைத்திருக்க வேண்டுமா? வேண்டாம். லாக் நீளமானால் மீட்கும் நேரமும் நீளும். மீட்க நினைக்கும் மிகப் பழைய பேக்கப் எதுவோ, அதிலிருந்து இன்றுவரை எல்லா லாகும் வேண்டும். நாளொன்றுக்கு 20 ஜிபி என்றால், 15 நாளுக்கு 300 ஜிபி. இடம் போதவில்லையா? பேக்கப்பை அடிக்கடி எடுங்கள், லாகை வேறு சர்வருக்கும் நகலெடுங்கள். அழிப்பதையும் ஆர்மேன் மூலமே செய்யுங்கள். நேராகக் கோப்பை நீக்கினால் ஆரக்கிளுக்கு அது தெரியாது.

எத்தனை மணி நேரத் தரவை இழக்கலாம் என்பது நிர்வாகம் சொல்ல வேண்டிய பதில். அதை ஸ்கிரிப்ட் எழுதுபவர் தலையில் கட்டுவது நியாயமா, நீங்களே சொல்லுங்கள்.