கைக்குழந்தையோடு சிங்கப்பூர்

"கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடல் கடந்து ஊர் சுற்றுவதாவது! அதற்கு என்ன தெரியப் போகிறது?"

இந்தக் கேள்வியைக் கேட்காத பாட்டி எந்த வீட்டில் இருக்கிறாள், சொல்லுங்கள் சகோதரிகளே! காஞ்சீபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஐயம்பேட்டை. (தஞ்சாவூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர்களுடைய ஐயம்பேட்டை வேறு!) எங்கள் ஊரில் பட்டுத் தறி இருக்கும் வீடுகளில், குழந்தைகள் தறிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகிவிடும். அப்படிப்பட்ட ஒரு வீட்டிலிருந்து எட்டு மாதக் குழந்தையோடு ஓர் இளம் தம்பதி ஐந்து நாள் சிங்கப்பூர் போகப் போவதாகச் சொன்னதும், தெருவில் பாதிப் பேர் முகவாயில் கையை வைத்துக்கொண்டார்கள்.

பாட்டி கேட்டதில் தப்பில்லை. குழந்தைக்கு ஒன்றும் தெரியப் போவதில்லைதான். ஆனால் அதன் அம்மாவுக்குத் தெரியும் அல்லவா? பிள்ளை பெற்ற நாளிலிருந்து வாசற்படி தாண்டாதவளுக்கு நாலு புது இடம், நாலு புது முகம் பார்க்க ஆசை இருக்காதா? இந்தப் பிரயாணம் குழந்தைக்காக அல்ல, அவளுக்காக. இதை முதலில் மனசில் நிறுத்திக்கொண்டால் பாதிச் சங்கடம் தீர்ந்துபோகும்.

கைக்குழந்தையோடு கடல் கடப்பது நமக்குப் புதிதும் அல்ல. 1926-ல் கட்டிய 'ரஜூலா' கப்பலில் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறி, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன நம் பெண்கள் எத்தனை பேர்! ஏறக்குறைய ஒரு வாரம், மேல்தட்டில் பாயை விரித்து, பக்கத்தில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு போனார்கள். அது பிழைப்புக்கான பிரயாணம்; ஊர் பார்க்க அல்ல. இன்று சென்னையில் விமானம் ஏறினால் நாலு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

இனிக் காரியத்துக்கு வருவோம். முதலில் காகிதங்கள். மடியில் இருக்கிற குழந்தைதானே என்று நினைத்துவிடாதீர்கள். பிறந்து ஒரு மாதம் ஆன சிசுவாக இருந்தாலும் தனிப் பாஸ்போர்ட், தனி விசா வேண்டும். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கான அத்தாட்சி, பிறப்புச் சான்றிதழ் ஒன்றே. அந்தச் சான்றிதழில் பல வீடுகளில் பெயர் எழுதும் இடம் காலியாகவே இருக்கும்! நம் மாநிலத்தில் பிறந்த ஒரு வருஷத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை. ஆகவே பெயர் சூட்டின கையோடு அதையும் முடித்துவிடுங்கள். குழந்தையின் பாஸ்போர்ட் ஐந்து வருஷம் செல்லும். சிங்கப்பூரில் இறங்குவதற்கு முந்தின மூன்று நாட்களுக்குள் வருகை அட்டை ஒன்றை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதுவும் குழந்தைக்குத் தனி. அதற்குப் பணம் கிடையாது. யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, விமானம். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி ஆசனம் எடுக்க வேண்டியதில்லை, மடியில் வைத்துக்கொள்ளலாம். சில விமானங்களில் முன் சுவரை ஒட்டிய வரிசையில் சிறு தொட்டில் மாட்டித் தருவார்கள். ஆனால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவைக்க வேண்டும். குழந்தையின் எடைக்கும் வரம்பு உண்டு. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைத்துக் குழந்தை வீறிடும். அந்த நேரத்தில் பால் கொடுங்கள். உறிஞ்சி விழுங்கினால் அடைப்பு விடும். குழந்தைக்கு வேண்டிய பாலையும் வெந்நீரையும் தேவையான அளவு கையோடு கொண்டுபோக அனுமதி உண்டு. 100 மில்லி லிட்டர் கணக்கு அதற்கு இல்லை. பரிசோதிக்கிறவர்களிடம் எடுத்துக் காட்டினால் போதும். புறப்படும் முன் குழந்தை வைத்தியரிடம் காட்டி, அந்த வயதுக்கு உரிய தடுப்பூசிகள் போட்டாயிற்றா என்று பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, மூட்டை. பாட்டிமார் ஆசையோடு கட்டித் தரும் டப்பாக்களை ஒரு முறை திறந்து பாருங்கள். கசகசா சேர்த்து அரைத்த மசாலாப் பொடி அதில் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சிங்கப்பூரில் கசகசா தடை செய்யப்பட்ட சரக்கு. நமக்கு அது குருமாவுக்குப் போடுகிற சாமான். அவர்களுக்கு அது அபின் செடியின் விதை! கேழ்வரகு மாவு, அரிசிக் கஞ்சி மாவு போன்றவை போதும். அங்கே மின்சாரப் பிளக்கின் மூன்று கால்களும் செவ்வகமாக இருக்கும். நம் பிளக்கு நுழையாது. மாற்றுப் பிளக்கு ஒன்று எடுத்துப் போகாவிட்டால், கஞ்சி காய்ச்சக் கொண்டுபோன கெட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இவ்வளவும் எங்கள் தெருப் பெண் ஒழுங்காகச் செய்திருந்தாள். ஆனால் ஒன்றை மறந்துவிட்டாள். அவளுடைய வீட்டுக்காரர் ஒரகடத்தில் தொழிற்சாலை வேலை. எதையும் மணிக்கணக்குப் போட்டுச் செய்கிறவர். காலையில் மிருகக்காட்சிசாலை, மத்தியானம் செந்தோசாத் தீவு, சாயங்காலம் மெர்லயன் சிங்கம், இரவு விளக்கு வேடிக்கை என்று ஒரு பட்டியலே எழுதி வைத்திருந்தார். முதல் இரண்டு நாள் அந்தப் பட்டியல்படி ஓடினார்கள். அவர் படம் எடுத்தார். இவள் ஒவ்வோர் இடத்திலும் ஒரு மூலை தேடிப் பால் கொடுத்தாள், துணி மாற்றினாள், அழுகையை அமர்த்தினாள். இரண்டாம் நாள் இரவு அவள் கேட்டாள்: "ஏங்க, இன்னைக்கு நாம என்ன பார்த்தோம்?" அவர் பட்டியலைப் படித்தார். "அதெல்லாம் நீங்க பார்த்தீங்க. நான் நம்ம வீட்டு வேலையைத்தான் இங்க வந்து செஞ்சுகிட்டிருக்கேன்" என்றாளாம்.

நன்றாகச் சொன்னாள்! குழந்தை சிரமம் கொடுக்கவில்லை, பட்டியல்தான் கொடுத்தது. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். அதுவும் காலையில். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருக்கிறது. மத்தியான வெயிலும் புழுக்கமும் நம் சித்திரையை நினைவுபடுத்தும். திடீரென்று மழையும் கொட்டும். பன்னிரண்டு மணிக்குள் அறைக்குத் திரும்பிவிட்டால் குழந்தையும் தூங்கும், நீங்களும் காலை நீட்டலாம்.

எந்த இடம் என்று கேட்பீர்கள். எனக்குப் பிடித்தது தாவரவியல் பூங்கா. 1859-ல் ஏற்பட்டது, 2015-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆர்க்கிட் தோட்டம் தவிர மற்றப் பகுதிகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பெரிய மரத்தடிப் புல்லில் துணியை விரித்துக் குழந்தையைத் தவழ விட்டால் அதற்கு அதுவே சொர்க்கம். இன்னொரு நாள், 2012-ல் திறந்த கடலோரத் தோட்டத்தின் கண்ணாடி மலர் மாளிகை. உள்ளே குளிரூட்டி வைத்திருப்பார்கள், குல்லாய் அவசியம். மூன்றாவது நாள், 2023-ல் மண்டாயில் திறந்த பறவைகள் சொர்க்கம். பழைய ஜூரோங் பறவைப் பூங்கா அந்த வருஷமே மூடப்பட்டுவிட்டது. பழைய புத்தகத்தைப் பார்த்து அங்கே போய் நிற்காதீர்கள். இரவு நேர மிருகக்காட்சி பிரபலமானதுதான். ஆனால் அது குழந்தை தூங்குகிற வேளை. குழந்தை வளர்ந்த பிறகு அதற்கென்று ஒரு தரம் போனால் போகிறது!

போக்குவரத்தில் கவலை இல்லை. 90 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தைக்கு ரயிலிலும் பஸ்ஸிலும் கட்டணம் கிடையாது. ரயில் நிலையங்களில் லிப்டு உண்டு. 2017 முதல் பஸ்ஸிலும் தள்ளுவண்டியை மடக்காமலே ஏற்றலாம். ஆனால் ரயிலுக்குள் தின்பதும் குடிப்பதும் கூடாது, அபராதம் உண்டு. ஆகவே கஞ்சி ஊட்டுவதை ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். காரில் போவதானால் குழந்தைக்கென்று தனி ஆசனம் இருக்க வேண்டும் என்பது சட்டம். டாக்ஸிக்கு மட்டும் விலக்கு. கைப்பேசியில் அழைக்கிற தனியார் வாடகைக் கார்களுக்கு அந்த விலக்கு இல்லை.

சாப்பாட்டுக்குச் சேரங்கூன் சாலை இருக்கவே இருக்கிறது. இட்லி, தயிர்சாதம், குழைந்த பருப்புச் சாதம் எல்லாம் கிடைக்கும். தமிழ் அங்கே நாலு ஆட்சிமொழிகளில் ஒன்று. குழந்தைக்குக் காரம் வேண்டாம் என்பதைத் தமிழிலேயே சொல்லலாம். அங்கே கடைகளில் காஞ்சீபுரம் பட்டும் விற்கிறார்கள். பார்த்துச் சந்தோஷப்படுங்கள், வாங்குவதை ஊருக்கு வந்து வைத்துக்கொள்ளலாம்!

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தூளியில் தூங்கிப் பழகிய பிள்ளைக்கு ஓட்டலில் உத்திரத்துக்கு எங்கே போவது? முன்கூட்டிக் கேட்டால் பல ஓட்டல்களில் குழந்தைக் கட்டில் தருவார்கள். அம்மாவின் பழைய நூல் புடவையை அதன் மெத்தைமேல் விரித்து, ஓரங்களை நன்றாகச் செருகிவிடுங்கள். முகத்தில் வந்து மூடும்படி தொங்கவிட வேண்டாம். அம்மாவின் வாசனை இருந்தால் புது இடம் பாதி பழகிய இடமாகிவிடும். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. ஐந்து நாளுக்காகக் குழந்தையின் நேரத்தை மாற்றப் போராடாதீர்கள். இங்கே எட்டு மணிக்குத் தூங்குவது அங்கே பத்தரைக்குத் தூங்கும்; காலையில் சற்று நேரம் கழித்து எழுந்திருக்கும், அவ்வளவுதான்.

எங்கள் தெருக் குழந்தைக்குப் புடவையும் போதவில்லை. மூன்றாம் நாள் இரவு டெலிபோனில் அழுகையைக் கேட்ட மாமியார், "தறிச் சத்தம் கேக்காம அது எப்படியம்மா தூங்கும்?" என்று சொல்லி, போனைத் தறியோரம் வைத்துவிட்டார்கள். அங்கே பத்து மணி. இங்கே ஏழரை, தறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கால் மணியில் குழந்தை உறங்கிவிட்டது. "கூத்து" என்று சொன்ன அதே மாமியார்தான்!

கடைசியாக, வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பத்தியை அவர்கள் கண்ணில் படும்படி மடித்து வையுங்கள். தினம் ஒரு மணி நேரம், வயிறு நிறைந்த குழந்தையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவைத் தனியே வெளியே அனுப்புங்கள். நம் தெருப் பெண் நாலாம் நாள் சாயங்காலம் அப்படித் தனியாக வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். ஊருக்குத் திரும்பியதும், "சிங்கப்பூரில் எதம்மா ரொம்பப் பிடித்தது?" என்று கேட்டேன். மலர் மாளிகை என்றோ பறவைகள் என்றோ சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"இரண்டு கையையும் வீசிகிட்டு நடந்தேன் அக்கா. எட்டு மாசம் ஆச்சு, அப்படி நடந்து" என்றாள்.

சகோதரிகளே, இந்த ஒரு மணி நேரத்துக்குப் பாஸ்போர்ட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம். சிங்கப்பூர் போக வசதி உள்ளவர்கள் சௌக்கியமாகப் போய் வாருங்கள். போக முடியாதவர்கள் இன்று சாயங்காலமே குழந்தையை அதன் அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுத் தெருக்கோடி வரைக்குமாவது கையை வீசி நடந்துவிட்டு வாருங்கள். அவர் சமாளித்துக்கொள்வார்!