இல்லமும் கைவேலையும்: ரம்பம் வாங்குமுன்



பிழைப்பின் நிமித்தம் கொல்கத்தாவுக்கு வந்து, நியூ டவுனின் அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கும் நம் குடும்பங்களில், பிள்ளைகளுக்குப் படிப்பு மேசையையும் புத்தக அலமாரியையும் தாமே செய்துகொடுக்க விரும்பும் தகப்பன்மார் உண்டு. அப்படிப்பட்ட ஒருவர், "பிரதர், தச்சர்கள் மார்பிள் கட்டரில் மரப் பிளேடு மாட்டி அறுக்கிறார்களே, விலையும் குறைவு, அதையே வாங்கலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்பதே நம் பதில். காரணத்தையும் அறிந்துகொள்ளுங்கள்.

மார்பிள் கட்டர் கல்லை அறுக்க உண்டாக்கப்பட்டது. அதன் 4 அங்குலப் பிளேடு நிமிடத்துக்கு 12,000 சுற்றுகளுக்கும் மேல் சுழலும். அடிப்பக்கத்தில் பிளேடு எப்போதும் திறந்தே இருக்கும். கல்லுக்குரிய பிளேடில் மரம் அறுக்கும் கூரிய பற்கள் இல்லை. பற்களுள்ள பிளேடை அதில் மாட்டும்போதே ஆபத்து பெருகுகிறது. மரத்துக்கென்றே செய்யப்பட்ட வட்ட ரம்பம் ஏறக்குறைய 5,000 சுற்றுகளே சுழலும். பிளேடு மரத்தைவிட்டு வெளியே வந்தவுடன், கீழ்க் காப்பு உறை ஸ்பிரிங் விசையால் தானே மூடிக்கொள்ளும். பலகை நெருக்கி, இயந்திரம் பின்னோக்கித் துள்ளும் வேளையில் விரல்களைக் காப்பதற்கு அந்த உறை அவசியம்.

ஆகையால் கடையில் வாட்ஸ் அளவைக் கேட்குமுன் உறையைச் சோதியுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, உறையைக் கையால் இழுத்து விடுங்கள், தடையின்றி மூடவேண்டும். சுவிட்சிலிருந்து விரலை எடுத்ததும் மின்சாரம் நிற்கவேண்டும். 7¼ அங்குல ரம்பம் 60 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் அறுக்கும். அலமாரிக்கான பிளைவுட் 18 மில்லிமீட்டரே. அதைவிடப் பெரியது வீட்டுக்குத் தேவையில்லை. பிளைவுட்டுக்கு 40 பற்களாவது உள்ள பிளேடு நல்லது. பிளேடில் அச்சிட்டுள்ள சுற்று வேகம் இயந்திரத்தின் வேகத்துக்குக் குறையக்கூடாது.

அறுக்கும்போது பிளேடு பலகைக்குக் கீழே ஒரு பல் அளவே நீளட்டும். பிளைவுட்டின் நல்ல முகம் கீழே இருக்கட்டும். பற்கள் கீழிருந்து மேலாக அறுப்பதால் பிசிறு மேற்பக்கத்திலேயே எழும். கண்ணாடியும் முகக்கவசமும் அணியுங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995இல் வகைப்படுத்தியுள்ளது. மூடிய அறையில் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு அறுக்காதீர்கள்.

ஒரே ஒரு அலமாரிதான் என்றால் ரம்பமே வேண்டாம். நிம்தலா மரக்கடைகளிலோ அருகிலுள்ள பிளைவுட் கடையிலோ அளவு கொடுத்தால் அறுத்துத் தருவார்களா என்று முதலில் விசாரியுங்கள். அலமாரி ஒரு வாரம் தாமதிக்கலாம். இழந்த விரலோ திரும்ப வராது.