வளர்ப்பு எலிக்கும் வேண்டும் நல்லுணவு

செல்லப் பிராணி என்றவுடன் நாயும் பூனையும் கிளியுமே நம் நினைவுக்கு வரும். வெள்ளை எலிகளைக் கூண்டில் வைத்து வளர்க்கும் மாணவரும் இன்று உளர். "எலிக்குக் கூடவா உணவு முறை? எதைப் போட்டாலும் தின்னுமே!" என்று பெரியோர் சிலர் நகைப்பர். செம்பனைக் குலைகளை எலி கடித்துப் பாழாக்குவதைக் காணும் தோட்ட மக்கள் அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயினும் அவ்வெண்ணம் பொருந்தாது என்பதே எம் கருத்து.

வெளியில் திரியும் எலி தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொள்ளும். கூண்டில் அடைபட்ட எலிக்கு நாம் இடுவதே உணவு. மேலும், எலிக்கு வாந்தி எடுக்கும் ஆற்றல் கிடையாது. தீயது வயிற்றினுள் சென்றுவிட்டால் அதனை வெளியேற்ற வழியில்லை. ஆகவே, ஆராய்ந்து கொடுப்பது வளர்ப்பவர் கடமையாகும்.

இச்சிற்றுயிருக்கு மனித குலம் கடன்பட்டும் இருக்கிறது. 1912ஆம் ஆண்டில் ஹாப்கின்ஸ் என்னும் ஆங்கில அறிஞர், தூய்மைப்படுத்திய புரதம், மாவுப்பொருள், கொழுப்பு, உப்புகள் ஆகியவற்றை மட்டும் இளம் எலிகளுக்குக் கொடுத்தார். அவற்றின் வளர்ச்சி நின்றது. நாள்தோறும் சிறிதளவு பால் சேர்த்தபோது அவை நன்கு வளர்ந்தன. உயிர்ச்சத்து பற்றிய அறிவுக்கு இவ்வாராய்ச்சி வழிகோலியது. 1929இல் அவர் நோபல் பரிசும் பெற்றார்.

வளர்ந்த எலி ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 முதல் 20 கிராம் உலர் உணவு போதும். எலிகளுக்கென்றே செய்யப்பட்ட தீவனக் கட்டிகள் முதன்மை உணவாக அமைதல் நன்று. அதனுடன் கேரட், வெள்ளரி, கங்கோங் கீரை போன்றவற்றைக் கழுவிச் சிறிதளவு தரலாம். இடையிடையே அவித்த முட்டையிலோ வேகவைத்த பருப்பிலோ ஒரு துளி கொடுக்கலாம். தூய நீர் எப்பொழுதும் கூண்டில் இருத்தல் வேண்டும்.

மிட்டாய், முறுக்கு, கருவாடு, காரக்குழம்பு, நுரைக்கும் பானம் ஆகியவற்றை அறவே விலக்குக. வேகாத அவரை வகைகளும் பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கும் தீங்கு செய்யும். பூஞ்சணம் பிடித்த நிலக்கடலை கொடிய நஞ்சு. 1960இல் இங்கிலாந்தில் அத்தகைய கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அந்நஞ்சு எலியின் ஈரலையும் கெடுக்கும். நம் ஈரலையும் கெடுக்கும்.

தோட்டப்புற மாணவர்க்கு மேலும் ஓர் எச்சரிக்கை. களைக்கொல்லி தெளித்த இடத்தில் கீரையோ புல்லோ பறித்து வந்து கொடுக்காதீர். செம்பனை மரத்தடியில் வைத்துள்ள எலி மருந்தைக் கையாலும் தொடாதீர். காட்டெலியைப் பிடித்து வளர்க்கவும் முயலாதீர். அதன் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவக்கூடும்.

"நம் பிள்ளைகளுக்கே சத்துணவு அரிதாயிருக்க, எலிக்கு எதற்கு இச்செலவு?" எனப் பெற்றோர் வினவலாம். நியாயமான வினாவே. வசதி இல்லையேல் வளர்க்காதிருப்பதே அறம். வளர்க்கத் துணிந்தபின் எச்சிலையும் மிச்சத்தையும் இட்டு வதைப்பது முறையன்று. ஓர் எலி 2 அல்லது 3 ஆண்டுகளே வாழும். அக்குறுகிய வாழ்வு நோயின்றிக் கழிய நாம் துணைநிற்க வேண்டாமா?

இதில் பிள்ளைகளுக்கும் நன்மை உண்டு. வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தில் அளவறிந்து உண்பதை வற்புறுத்தினார். எலியின் உணவை அளந்து வைக்கும் சிறுவன், காலையில் வெறும் வயிற்றுடன் பள்ளிக்கு வருவதும், இடைவேளையில் நொறுக்குத் தீனியால் பசியாறுவதும் தகுமா என்று தன்னையே கேட்டுக்கொள்வான்.

ஆகவே மாணவச் செல்வங்களே, உயிரொன்றை வளர்க்க விரும்பினால் முதலில் அதன் உணவைப் பற்றிக் கற்றறியுங்கள். பெற்றோரே, அவர்களுக்கு அருகிருந்து வழிகாட்டுங்கள்.