ஒருநாள் துப்புரவு ஆற்றைக் காக்குமா?

கல்லூரி மாணவர்கள் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். பிளாஸ்டிக் பைகளைப் பொறுக்குகிறார்கள். படம் எடுக்கிறார்கள். மறுநாள் பத்திரிகையில் செய்தி! அடுத்த வாரம் அதே கரையில் அதே குப்பை!

மாணவர்களின் உழைப்பை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கரையில் கிடக்கும் பையைத்தான் கையால் பொறுக்க முடியும். ஆற்றில் கலந்துவிட்ட இரசாயனத்தை எந்தக் கையால் அள்ளுவது?

கடலூர் உப்பனாற்றங்கரையில் சிப்காட் ஆலைகள் வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. சுற்றியுள்ள கிராம மக்கள் நாற்றம், கண்ணெரிச்சல், மீன் சாவு என்று முறையிட்டு ஓய்ந்து போனார்கள். வாய்ப் புகாரை யார் மதித்தார்கள்?

அவர்கள் வழியை மாற்றினார்கள். 2004இல் கிராமத்தினரே பயிற்சி பெற்றார்கள். சாதாரண பிளாஸ்டிக் வாளியில் ஒரு பையைப் பொருத்தி, ஆலைக் காற்றைப் பிடித்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினார்கள். எந்த நாள், எந்த நேரம், என்ன நாற்றம் என்று நோட்டில் குறித்தார்கள். காற்றில் நச்சு வாயுக்கள் கலந்திருப்பது ஆய்வில் தெரிந்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றக் கண்காணிப்புக் குழு சிப்காட்டுக்கு நேரில் வந்தது. பட்டம் பெற்றவர்களா இதைச் செய்தார்கள்? இல்லை, பாதிக்கப்பட்டவர்கள்!

ஆபத்து தீர்ந்துவிட்டதா? 2025 மே மாதம் குடிகாட்டில் ஓர் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி வெடித்து, வீடுகளுக்குள் கழிவு புகுந்தது. காவல் இன்னும் தேவை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

மாணவச் சகோதரர்களே! காற்றுக்குச் செய்ததைத் தண்ணீருக்கும் செய்யுங்கள். வெள்ளாறோ உப்பனாறோ ஊர் வாய்க்காலோ, ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருநாள் அதே நேரத்தில் போய், தண்ணீரின் நிறம், நாற்றம், செத்த மீன் ஆகியவற்றைத் தேதியுடன் குறியுங்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது; அங்கே படிப்பவர்களிடம் மாதிரி எடுக்கும் முறையைக் கேளுங்கள். ஆறு மாதக் குறிப்போடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதற்கும் மேலே சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது.

வணிகச் சகோதரர்களே! 2015 வெள்ளத்தில் கடலூர் மாவட்டம் பட்ட பாட்டை மறந்தோமா? தூர்ந்த வாய்க்காலும் ஆக்கிரமித்த கரையும் தண்ணீரை நம் கடைக்கே திருப்பிவிடும். 2019 ஜனவரி முதல் தடை செய்யப்பட்ட பையை இன்னும் கொடுப்பது யார்? கறிக்கடைக் கழிவை வாய்க்காலில் கொட்டுவது யார்? நம் கடை வாசலைத் திருத்தாமல் ஆலை வாசலில் போய் எப்படிக் கேள்வி கேட்பது?

ஐவேளை ஒளுவுக்குத் தண்ணீர் தேடும் சமுதாயம் நாம். விளக்குமாற்றை ஒருநாள் பிடித்தது போதும். நோட்டையும் பேனாவையும் ஆண்டு முழுவதும் பிடிப்போம்!